ஊசிக் கரண்ட் நின்ற ஏழு நிமிஷம்

என் ஓவன் தவறிப்போனதில்லை என்று நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். இன்றைக்கும் சொல்வேன். இங்கே எழுத வந்த விஷயத்திலும் ஓவன் தவறவில்லை. நாற்பத்திரண்டு நாள் நூற்றைம்பது டிகிரியில் கட்டிப்போட்ட மாதிரி நின்றது. தவறியது நான். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் எப்படிப்பட்ட வேலைக்காரன் என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், படிக்காதவன், கல்லூரிச் சாமான் தெரியாமல் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வீர்கள். எனக்குச் சூட்டைத் தெரியும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் என்னைவிடத் தெரிந்தவன் ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஐந்தாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பதினாறு வயதில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், சூளைக்குள் செங்கல் பதிக்கிற ஆட்களோடு சேர்ந்தேன். சூளை என்றால் ஊரில் செங்கல் சுடுகிற சூளை இல்லை. ஒரு பஸ் நுழைகிற அளவுக்கு இரும்புக் குழாய், படுத்தவாக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே நெருப்பைத் தாங்கும் செங்கல் பதித்திருக்கும். அது தேய்ந்தால் சூளையை நிறுத்தி, மூன்று நாள் ஆறவிட்டு, நாங்கள் உள்ளே போவோம். மூன்று நாள் ஆறிய பிறகும் செருப்பு அடியில் இளகும். சூடு என்பது மெதுவாக வருவது, மெதுவாகப் போவது என்று அங்கேதான் படித்தேன். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே ஆயிரமா, ஆயிரத்து இருநூறா என்று சொல்வேன். மீட்டர் வைத்திருந்த இன்ஜினியர், என்னைக் கேட்டுவிட்டுத்தான் தன் மீட்டரை நம்புவார்.

பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டேன். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில், லாரிகள் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு புழுதி கிளப்பும் இடத்தில் இருக்கிறது. பேக்கரிக்கு ஓவன், கட்டில் பீரோவுக்குப் பெயிண்ட் சுடுகிற ஓவன், செட்டிகுளத்தில் வெங்காயம் உலர்த்துகிற ஓவன், கல்லூரி லேபுக்குச் சின்ன ஓவன், எல்லாம் செய்திருக்கிறேன். செய்து கொடுத்த ஓவன் திரும்பி வந்ததில்லை.

செட்டிகுளத்து ஓவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை அங்கே பொருத்தப் போனபோது என் மனைவியின் அண்ணன், என்னோடு முதல் நாளிலிருந்து வேலை பார்த்தவர், அங்கேயே போய்விட்டார். ஹீட்டை நிறுத்தியாகிவிட்டது என்று உள்ளே கை விட்டார். ஹீட் நின்றிருந்தது, லைன் நிற்கவில்லை. நான் போய் மெயினை இறக்குவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பட்டறைச் சுவரில் நானே பிரஷ் எடுத்துப் பெரிதாக எழுதினேன்: முதலில் கரண்ட், பிறகுதான் மற்றது. யார் வந்தாலும், எந்த அவசரமானாலும், ஆள் பக்கத்தில் வந்தால் முதலில் கரண்ட்டை நிறுத்து. இருபது வருஷத்துக்கு மேலாக என் கை அதைத் தானாகச் செய்யும். மூளையைக் கேட்காது.

என் மருமகள் மீன்சுருட்டிப் பெண். பார்க்கப் போனபோதே பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரியில் பிஎச்.டி. சேர்ந்திருந்தது. அதன் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், படிப்பை நிறுத்தக் கூடாது என்று. அவர் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். "என் வூட்டுக்கு வந்தா நிக்காதுங்க. டாக்டர்னு போர்டு நானே வெல்டிங் வச்சு மாட்டுறேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். கல்யாணமாகி மூன்று மாதத்தில் என் மகன் வேலைக்கு வெளிநாடு போனான். படிப்பு முடிந்ததும் அதுவும் அங்கே போவதாகப் பேச்சு. படிப்பு முடியவில்லை. எக்ஸ்டென்ஷன் வாங்கி, அதற்கு மேல் ஒரு எக்ஸ்டென்ஷனும் வாங்கி, கடைசித் தவணையில் நின்றது.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். "நீ என்னதான் பண்றே பாப்பா? எனக்கு விளங்குற மாதிரி சொல்லு."

"பிளாஸ்டிக் மாமா."

"பிளாஸ்டிக்கா? குடம் ஊத்தவா ஏழு வருஷம்?"

அது சிரித்தது. அப்புறம் பொறுமையாகச் சொன்னது. சில பொருளுக்குள் கண்ணுக்குத் தெரியாத லேசர் வெளிச்சத்தை விட்டால், மறுபக்கம் பச்சையாக வெளியே வரும். வெளிச்சத்தையே வேறாக மாற்றிவிடும். அந்தக் குணம் வரவேண்டுமென்றால், பொருளுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டும். காற்றில் சாய்ந்த நெல் வயல் மாதிரி என்று நான் வைத்துக்கொண்டேன். தானாகப் படுக்காது. பிளாஸ்டிக்கை இளகுகிற வரைக்கும் சூடாக்கி, மேலே ஒரு ஊசி முனையிலிருந்து ஐயாயிரம் வோல்ட் காட்டினால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். அந்த நிலையிலேயே ஆறவிட்டால் அப்படியே உறைந்துவிடும்.

"அப்புறம் என்ன கஷ்டம்?"

"மறுபடி சூடு பட்டா தலையைத் திருப்பிக்குது மாமா. போன்ல, கம்ப்யூட்டர்ல செய்தி எல்லாம் இப்ப கண்ணாடி நூல்ல வெளிச்சமாத்தான் போகுது. அந்த வெளிச்சத்தைத் தட்டித் திருப்புற சின்ன உறுப்பு இது. மெஷினுக்குள்ள எப்பவும் சூடு. சூட்டுல செத்துப்போற பிளாஸ்டிக்கை வச்சு என்ன பண்றது? நான் செஞ்சிருக்கிறது தாங்கும். தாங்கும்னு நெனைக்கிறேன். அதை நிரூபிச்சாத்தான் தீசிஸ்."

தாங்குகிறதா இல்லையா, ஏழு வருஷமும் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. அது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. புரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

கல்லூரியில் இருந்த ஹாட் பிளேட் பத்து டிகிரி மேலும் கீழும் ஆடுமாம். "அதை வச்சு நீ தோசைதான் ஊத்தலாம்" என்று சொல்லிவிட்டு, நானே ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். உள்ளே தட்டு, தட்டுக்கு மேலே ஊசி, வெளியே கண்ட்ரோலர். அரை டிகிரிகூட ஆடாது. பட்டறையின் ஆபீஸ் ரூமைக் காலி பண்ணி, லாரிப் புழுதி வராமல் ஜன்னலையெல்லாம் பாலித்தீன் ஒட்டி அடைத்தேன். கல்லூரியிலிருந்து ஐயாயிரம் வோல்ட் கொடுக்கிற பெட்டியை அது எழுதிக் கொடுத்து வாங்கி வந்தது.

"கரண்ட் ரொம்பக் கம்மி மாமா. தொட்டா சுள்ளுனு இருக்கும், உயிர் போகாது."

"உங்க அத்தையோட அண்ணன்கிட்டச் சொல்லு" என்றேன்.

அதனுடைய சரக்கு ஒரு பழுப்பு நிறப் புட்டியில் அடியில் கொஞ்சமாகக் கிடந்தது. குங்குமம் மாதிரிப் பொடி. அதைச் செய்து எடுக்க இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. மூன்று ஃபிலிம் போடத்தான் காணும். இரண்டு போட்டது. தபால்தலை அளவுக் கண்ணாடித் துண்டில் சிவப்பாக ஒரு படலம், தலைமயிரை நூறாய்ப் பிளந்த கனம்கூட இருக்காது. மிச்சப் பொடியை, ஏதாவது ஆனால் இருக்கட்டும் என்று புட்டியிலேயே மூடி வைத்தது.

ஏற்பாடு இதுதான். இரண்டு ஃபிலிமையும் ஊசிப் பெட்டியில் வைத்து ஒரே மாதிரி பக்குவம் பண்ண வேண்டும். ஒன்றைச் சும்மா ஜாடியில் வைத்துவிட வேண்டும். இன்னொன்றை என் ஓவனில் ஆயிரம் மணி நேரம் வேகவிட வேண்டும். பிறகு இரண்டையும் சென்னையில் ஒரு பெரிய லேபுக்கு எடுத்துப் போய் லேசர் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே பச்சை காட்டினால் ஜெயித்தது. ஓவனில் வைக்கும் முன்னாலேயே ஒரு தடவை லேசரில் பார்த்துவிடலாம் என்று அது தன் கைடிடம் கேட்டிருக்கிறது. லேசர் கிடைப்பதே ஒரே ஒரு நாள், இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டாராம். அதற்கு அது சம்மதிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் போய்ச் சண்டை போடுகிற நிலையில் இல்லை.

புரட்டாசி சனிக்கிழமையில் என் ஆட்கள் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய்விடுவார்கள், பட்டறை லீவு. வெல்டிங் ஓடாத நாளில் கரண்ட் ஆடாது என்பதால் அந்தச் சனிக்கிழமைகளையே நான் பார்த்துச் சொன்னேன். முதல் சனிக்கிழமை முதல் ஃபிலிம். அதுவே பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் செய்தது. ஊசி முனையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு தெரியும், உஸ்ஸென்று மெல்லிய சத்தம் வரும். இருநூற்றுப் பதினைந்து டிகிரியில் அரை மணி, அப்புறம் ஹீட்டை மட்டும் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் ஆறவிட்டது. தட்டு கை வைக்கிற பதத்துக்கு வந்த பிறகுதான் ஊசிக் கரண்ட்டை நிறுத்தியது.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது ஃபிலிம். சூடு ஏறி, அரை மணி முடிகிற நேரத்தில் கைடு மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். கல்லூரிக்கு யாரோ பார்வையிட வந்திருக்கிறார்களாம், ரிசர்ச் ஸ்காலர் எல்லாரும் நேரில் நின்று கையெழுத்துப் போட வேண்டுமாம். அது ஹீட்டை நிறுத்தியது. கைப்பையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"மாமா, இனிமே செய்ய ஒண்ணுமில்ல. தானா ஆறும். ஊசிக் கரண்ட்டை மட்டும் தொடாதீங்க. முழுசா ஆறுற வரைக்கும்."

"நெருப்புக்குள்ளயே பொறந்து வளந்தவன்கிட்ட நீ ஆறுறதுக்குப் பாடம் நடத்துறே. போயிட்டு வாம்மா."

போகும்போது பெட்டி மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனது. "ஆறும் வரை ஊசிக் கரண்ட்டை நிறுத்தக் கூடாது." எனக்குத்தான் எழுதியது, வேறு யார் அங்கே இருந்தார்கள். கொஞ்சம் கோபம் வந்தது எனக்கு.

அது ஸ்கூட்டியில் போய் இரண்டு நிமிஷம்கூட இருக்காது. என் மனைவி கல்லங்குறிச்சியிலிருந்து ஆட்டோவில் நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டாள். கையில் பித்தளைச் செம்பு நிறைய தீர்த்தம், மேலே துளசி. எந்தப் புது மெஷின் வந்தாலும் அவள் பெருமாள் தீர்த்தம் தெளிக்காமல் விடமாட்டாள். நான் கவனிப்பதற்குள் ரூமுக்குள் வந்து பெட்டிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். ஈரக் கையைச் செம்புக்குள் விட்டாள்.

"புள்ள ரெண்டு வருஷமா இதோட மாரடிக்குது. பெருமாள் பாத்துக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே கையை உயர்த்தினாள்.

கண்ட்ரோலரில் இருநூற்று எட்டு நின்றது. ஊசிக்குக் கீழே ஊதாப் பொட்டு தெரிந்தது. என் கை போய் ஐயாயிரம் வோல்ட் பெட்டியின் சுவிட்சை இறக்கிவிட்டது. தாள் கண்ணுக்கு எதிரில்தான் இருந்தது. அதைப் படிக்கிற நேரம் அது இல்லை.

"ஒனக்கு அறிவு இருக்கா? ஐயாயிரம் வோல்ட்டுல தண்ணி தெளிக்க வர்றே?"

"எனக்கென்ன தெரியும், பெட்டியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

"எழுதித்தான் ஒட்டியிருக்கு. படி."

"எங்கண்ணன் போன மாதிரி நானும் போயிடுவேன்னு பயந்துட்டீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். அழுகையை ஓயவைத்து, பெட்டி மூடியிலும் மேஜையிலும் விழுந்த தண்ணீரைத் துணியால் துடைத்து, அவளை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்து சுவிட்சைப் போட்டேன். ஊதாப் பொட்டு மறுபடி வந்தது, உஸ்ஸென்ற சத்தமும் வந்தது. கண்ட்ரோலர் நூற்று எழுபது காட்டியது.

ஒரு நிமிஷம் நின்றிருக்கும் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். மூன்று நாள் ஆறுகிற சூளையைப் பார்த்தவனுக்கு ஒரு நிமிஷம் என்ன பெரிய விஷயம். நெருப்பு ஒரு நிமிஷத்தில் எதையும் மாற்றாது என்பது என் வாழ்க்கை முழுக்க உண்மையாக இருந்திருக்கிறது.

சாயங்காலம் மருமகள் வந்தது. "எல்லாம் சரியா ஆறுச்சா மாமா?"

"என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டு அப்புறம் என்ன கேள்வி?"

அதுவும் சிரித்துவிட்டு ஃபிலிமை எடுத்துக்கொண்டது. முதல் ஃபிலிம் ஜாடியில் இருந்தது, இதை ஓவனில் வைத்தது.

அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு நாள் நான் பார்த்த வேலையை எந்தப் படித்தவனும் பார்த்திருக்க மாட்டான். ஓவனில் அந்தத் தபால்தலைக் கண்ணாடி ஒன்றைத் தவிர வேறு எதையும் வைக்கவில்லை. வந்த இரண்டு பேக்கரி ஆர்டரைத் தள்ளிப் போட்டேன். ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்பி, கரண்ட் போனால் மூச்சு விடுவதற்குள் மாறுகிற மாதிரி செய்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவு பகல் பாராமல், ஒரு நீளநோட்டில் நேரமும் டிகிரியும் எழுதினேன். என் கையெழுத்து கோணல்மாணல்தான், ஆனால் ஒரு வரி விட்டுப்போகவில்லை. பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நோட்டைக் காட்டினேன். நாற்பத்திரண்டு நாளும் நூற்றைம்பது, நூற்றைம்பது, நூற்றைம்பது.

சென்னை போன மருமகளைக் கூப்பிட நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் காரில் போனேன். கையில் ஜாடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னது.

"ஜாடியில இருந்தது நல்லா பச்சை அடிச்சுச்சு மாமா. ஓவன்ல இருந்தது..." டம்ளரைக் கீழே வைத்தது. "இல்லைன்னே சொல்லலாம்."

"ஓவன்ல தப்பில்லம்மா. நோட்டைப் பாரு."

"ஓவனைச் சொல்லல. என் பொருளு தாங்கல. அவ்வளவுதான்."

திரும்புகிற வழியில் அது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. நான் பேசினேன். ஜெனரேட்டர் எப்படி மாறியது, கண்ட்ரோலர் எப்படி நின்றது என்று வழியெல்லாம் பேசினேன். என் ஓவன் மேல் பழி வந்துவிடக் கூடாது என்பதுதான் அந்த முக்கால் மணி நேரமும் என் கவலை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

மறுநாள் காலை பட்டறைக்கு வந்தது. கையில் அதன் சொந்த நோட்டு. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றது. என் ஆட்கள் நாலு பேர் ஒரு பேக்கரி ஓவனைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். புது ஆர்டர் பேச வந்த ஒரு கல்லூரி ஆசிரியரும் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். நான் காலேஜுக்குப் போனேன் பாருங்க, அன்னிக்கு ஆறும்போது ஊசிக் கரண்ட் எங்கயாச்சும் நின்னுச்சா? கொஞ்ச நேரம்னாலும் பரவாயில்ல."

அந்த நேரம் சுத்தியல் சத்தம் நின்றது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியரும் பார்த்தார். என் பட்டறையில் நின்றுகொண்டு, என் ஆட்கள் முன்னால், கரண்ட் நின்றதா என்று ஒருவர் என்னைக் கேட்டதில்லை.

"என் பட்டறையில கரண்ட் நிக்காது" என்றேன். "ஒரு செகண்டு நிக்கல."

அது என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தது. சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, நம்பிப் பார்த்தது. "சரி மாமா" என்று தன் நோட்டில் ஒரு கோடு அடித்தது.

புட்டியில் இன்னும் ஒரு ஃபிலிமுக்குப் பொடி இருந்தது. நான் நின்றது என்று சொல்லியிருந்தால் அதை வைத்து மறுபடி போட்டுப் பார்த்திருக்கும். தவணை முடிய மூன்று மாதம் இருந்தது. நாற்பத்திரண்டு நாள் அதற்குள் அடங்கும். நான் அப்படிச் சொன்னதால், மறுபடி போட்டும் புண்ணியமில்லை, தோற்றதற்குக் காரணம் எழுது என்று கைடு சொல்லிவிட்டார். எந்தச் சூட்டில் பொடி கரிகிறது என்று பார்ப்பதற்கு அந்த மிச்சப் பொடியை மெஷினில் போட்டு எரித்துவிட்டார்கள். முந்நூறு தாண்டியும் கரியவில்லையாம். "இவ்வளவு தாங்குறது ஏன் அங்க நிக்கலன்னு புரியல" என்று மருமகள் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

தீசிஸ் முடிந்தது. தோற்றது என்று எழுதினாலும் டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள், எனக்கு அது தெரியாது. வைவா பரீட்சை அன்றைக்கு நான் லட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஒரு ஐந்தாவது படித்தவன் வீட்டில் டாக்டர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஸ்டீலில் போர்டு வெட்டி, வெல்டிங் வைத்து வாசலில் மாட்டினேன். மருமகள் அதைப் பார்த்து "எதுக்கு மாமா" என்று மட்டும் கேட்டது.

வெளிநாடு கிளம்ப பத்து நாள் இருக்கும்போது அது நடந்தது. மாமியாரும் மருமகளும் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஊர்க்கதை பேசுகிற மாதிரியே பேசினாள்.

"நான் அன்னிக்குத் தீர்த்தம் முழுசாத் தெளிச்சிருந்தா உன் படிப்பு ஜெயிச்சிருக்கும். எங்க விட்டாரு இவரு. மெஷினை அமத்திட்டு என்னா கத்து கத்துனாரு. நான் அழுது ஓஞ்ச பெறவுதான் திருப்பிப் போட்டாரு."

மருமகளின் கை சேலை மடிப்பிலேயே நின்றது. "எந்த மெஷின் அத்தை?"

"அதான், ஊசிப் பெட்டி. புரட்டாசி சனிக்கிழமை."

நான் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. மருமகள் எழுந்து வந்து எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தது. கத்தும் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வரும்.

"எத்தனை நிமிஷம் மாமா?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"அத்தை, நீங்க வந்ததுலேர்ந்து சொல்லுங்க."

என் மனைவி பயந்துபோய் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கத்தியது, அழுதது, துடைத்தது, நாற்காலியில் உட்கார வைத்தது. மருமகள் விரலில் எண்ணிக்கொண்டு வந்தது. "ஆரம்பத்துல என்ன டிகிரி மாமா?" இருநூற்று எட்டு. "திருப்பிப் போடும்போது?" நூற்று எழுபது. என் வாயிலிருந்து டிகிரி தப்பாக வராது.

"முப்பத்தெட்டு டிகிரி இறங்கியிருக்கு. ஏழு நிமிஷம்" என்றது. "இருநூறுக்கு மேல கரண்ட் இல்லாம நின்னா பத்து செகண்டுல எல்லாம் கலைஞ்சு போயிடும் மாமா. நூத்தி எழுபதுல அது கல்லாயிடும், அப்புறம் எத்தனை வோல்ட் குடுத்தாலும் திரும்பாது. ஓவனுக்குள்ள போறப்பவே அந்த ஃபிலிம்ல ஒண்ணுமில்ல. வெறும் சிவப்புக் கண்ணாடியை நாப்பத்திரெண்டு நாள் வேக வச்சிருக்கோம்."

"உங்க அத்தைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"நீங்க அமத்தினது சரி மாமா. யாரா இருந்தாலும் அமத்துவாங்க. நானே அமத்தியிருப்பேன்." அதற்குப் பிறகு சொன்னது: "நான் கேட்டேன்ல."

பேப்பரை மடித்துக் கீழே வைத்தேன்.

அன்றைக்கே கைடுக்குப் போன் போட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "முடிஞ்சது முடிஞ்சுபோச்சும்மா. பட்டம் வந்துடுச்சுல்ல? பொடியும் இல்ல, ஃபிலிமும் இல்ல. உன் மாமனார் சொல்றாருன்னு எதை மாத்துறது?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மறுபடி பொடி செய்ய இரண்டு வருஷம், ஒரு லேப், ஒரு கைடு வேண்டும். அவர் அடுத்த மாதம் ரிட்டையர் ஆகிறவர்.

"இனிமே இந்தப் பொருளை யாரும் தொட மாட்டாங்க அத்தை" என்று மருமகள் என் மனைவியிடம் சொன்னது. என்னிடம் சொல்லவில்லை. "நான் செஞ்சு பாத்தேன், சூடு தாங்கலன்னு நானே எழுதி வச்சிருக்கேன். அதைப் படிச்சிட்டு அடுத்த ஆளு வேற பக்கம் போயிடும்."

கிளம்புவதற்கு முதல் நாள் என் நீளநோட்டைக் கேட்டது. முதல் பக்கத்தைத் திறந்து, மேலே காலியாக இருந்த இடத்தைக் காட்டியது. "உங்க கையால எழுதிக் குடுங்க மாமா. என்ன நேரம், என்ன டிகிரி, எத்தனை நிமிஷம். என்னிக்காச்சும் யாராச்சும் கேட்டா காட்டுறதுக்கு ஒரு எழுத்தாவது இருக்கட்டும்."

எழுதினேன். என் எழுத்து எப்போதும் மெதுவாகத்தான் வரும். புரட்டாசி சனிக்கிழமை, ஊசிக் கரண்ட் இருநூற்று எட்டு டிகிரியிலிருந்து நூற்று எழுபது வரை ஏழு நிமிஷம் நின்றது, நிறுத்தியது நான். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினேன். நின்றதா என்று கேட்டபோது நிற்கவில்லை என்று சொன்னதும் நான்.

அது வாங்கிப் படித்தது. "ரெண்டாவது வரி வேணாம் மாமா. அது டேட்டா இல்ல. அடிச்சிடுங்க."

பேனா என் கையில்தான் இருந்தது. அடிக்கவில்லை. அது நோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

இப்போது அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறதாம். போனில் மாமியாரோடு நெடுநேரம் பேசும். என்னிடம், "மாத்திரை போட்டீங்களா மாமா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடும். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. வாசலில் போர்டு இருக்கிறது, துரு ஏறவில்லை, என் வெல்டிங் அப்படி. ஊசிப் பெட்டியின் மேல் அது ஒட்டிய தாள் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. யாராவது வந்து இது என்ன பெட்டி என்று கேட்டால், அரை டிகிரிகூட ஆடாத பெட்டி, நானே செய்தது என்று சொல்கிறேன். நோட்டைக் கேட்கிறவர்கள் யாரும் இல்லை. நானாக எடுத்துக் காட்டவும் இல்லை.